சீதனம் தந்தாச்சு, இனி என்ன பங்கு?

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு, கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா 2009ல் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார், அம்மா 2019ல். எனக்கு இரண்டு அண்ணன்மார். அப்பா பெயரில் 90 சென்ட் வஸ்து (நிலம்) இருக்கிறது, வீடு நிற்கிற 24 சென்டும் அதற்குப் பின்னால் ரப்பர் தோட்டமுமாக. பெரிய அண்ணன்தான் அங்கே இருக்கிறார், பட்டாவையும் அவர் பெயருக்கு மாற்றிவிட்டார். 1994ல் என் கல்யாணத்துக்கு 40 பவுனும் ஒரு லட்சம் ரூபாயும் தந்தார்கள். நிச்சயத்தன்று ஒரு முத்திரைத்தாளில் 'இனி அவகாசம் இல்லை', அதாவது சொத்தில் உரிமை இல்லை என்று என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். இப்போது பங்கு கேட்டால், 'சீதனம் தந்தாச்சு, பன்னிரண்டு வருஷமும் கழிஞ்சாச்சு, போதாததுக்கு நம்ம ஜில்லாவுக்குப் பழைய திருவிதாங்கூர் சட்டம்தான்' என்கிறார் அண்ணன். ஒரு பத்திர எழுத்தரும் அதையே சொன்னாராம். ஆனால் மகளுக்குச் சம பங்கு உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதாக இரண்டு செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்தன, இதோடு அனுப்பியிருக்கிறேன். அவற்றை அண்ணனிடம் காட்டலாமா? அடுத்த மாதம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து 'சும்மா ஒரு கையெழுத்து' போடச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். போகாதீர்கள். கையெழுத்துப் போடச் சொல்கிற காகிதத்தின் நகலை முன்கூட்டியே கேளுங்கள், வீட்டில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள், புரியாவிட்டால் யாராவது வக்கீலிடம் காட்டுங்கள். 'அதெல்லாம் அங்கே வந்து பார்த்துக்கலாம்' என்று சொன்னால் அதுவே உங்களுக்குப் பதில்.

சரி, இப்போது வாட்ஸ்அப் செய்திகள். இரண்டுமே உண்மையான தீர்ப்புகள்தான், யாரும் கட்டிவிட்டதில்லை. ஆனால் தங்கச்சி, இரண்டுமே உங்களுக்கானவை இல்லை. அவற்றை அண்ணன் முன்னால் நீட்டினால் அவருடைய வக்கீல் அரை நிமிஷத்தில் தள்ளிவிடுவார், அப்புறம் நீங்கள் சொல்கிற சரியான விஷயமும் எடுபடாது. முதல் செய்தி 2020 ஆகஸ்ட் 11ல் வந்த வினீதா சர்மா தீர்ப்பு. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு, சட்டம் திருத்தப்பட்ட 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று மூன்று நீதிபதிகள் சொன்னது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவைப் பற்றியது, அந்தச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. இரண்டாவது 2025 ஜூலை 17ல் வந்தது. சத்தீஸ்கரில் கோண்ட் பழங்குடிக் குடும்பம் ஒன்றில், தாய்வழித் தாத்தாவின் சொத்தில் பங்கு கேட்ட வழக்கு. கீழ்க் கோர்ட்டுகள், 'பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று உங்கள் வழக்கத்தில் இருப்பதை நிரூபிக்கவில்லையே' என்று தள்ளிவிட்டன. சுப்ரீம் கோர்ட் அதைத் திருப்பிப் போட்டு, பெண் என்ற ஒரே காரணத்துக்காகப் பங்கை மறுப்பது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்றது. நல்ல தீர்ப்பு, நானும் இரண்டு தடவை படித்தேன். ஆனால் அது பழங்குடி மக்களின் வழக்கத்தைப் பற்றியது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே. உங்களுக்கோ எழுதி வைத்த சட்டமே இருக்கிறது.

உங்களுக்கான தீர்ப்பு நாற்பது வருஷம் பழையது. 1986 பிப்ரவரி 24, மேரி ராய் வழக்கு. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய அந்த அம்மா 2022ல்தான் இறந்தார். பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் 'அது கேரளாக்காரங்க கேஸ்' என்று நம்ம ஊரில் பலர் விட்டுவிட்டார்கள். அங்கேதான் தப்பு.

உங்கள் அண்ணன் சொல்லும் 'பழைய திருவிதாங்கூர் சட்டம்' நிஜமாகவே இருந்தது. கொல்லம் ஆண்டு 1092, அதாவது 1916ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். அதன்படி மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கின் மதிப்பில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதுவும் சீதனம் கொடுத்திருந்தால், அட, கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலே கூட, கிடையாது. விதவைக்கு ஆயுள் வரைக்கும் அனுபவிக்கும் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போயிற்று. அந்தக் காலத்திலேயே ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுள்ள சில லத்தீன் கத்தோலிக்க, புரோட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு அந்தச் சட்டமே விலக்கு கொடுத்திருந்தது, அது வேறு கதை. 'சீதனம் தந்தாச்சு' என்று நம்ம ஊர் ஆண்கள் அவ்வளவு தைரியமாகச் சொல்வதன் வேர் இந்த 1092ஆம் ஆண்டுச் சட்டம்தான். சட்டம் செத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பேச்சு மட்டும் சாகவில்லை.

எப்போது செத்தது என்பதுதான் மேரி ராய் வழக்கின் கேள்வியே. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து இந்தியாவில் பி பிரிவு மாநிலமாக (பழைய சமஸ்தானங்களை வைத்து அமைந்த வகை) இருந்தபோது, 1951ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு, பல மத்தியச் சட்டங்களை அந்த மாநிலங்களுக்கு நீட்டியது, அவற்றோடு ஒத்துவரும் உள்ளூர்ச் சட்டங்களை நீக்கியது. அப்படி வந்தவற்றில் ஒன்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதோடு 1092ஆம் ஆண்டுச் சட்டமும் போய்விட்டதா, இல்லை அது தனியாகக் காப்பாற்றப்பட்டதா? இதில் கோர்ட்டுகளே ஒத்துப்போகவில்லை. நம்ம மதராஸ் உயர் நீதிமன்றத்திலேயே 1970களில் ஒரு தனி நீதிபதி 'போய்விட்டது' என்றார், பின்னால் இரண்டு நீதிபதிகள் அமர்வு 'போகவில்லை, இருக்கிறது' என்றது. நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் மூத்த குமாஸ்தாக்கள் இந்த இரண்டாவது தீர்ப்பை வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். உங்கள் பத்திர எழுத்தருக்கும் அந்த வழியில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1986ல் சுப்ரீம் கோர்ட் அந்த இரு நீதிபதிகளின் கருத்தை ஏற்காமல், 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று முடித்துவைத்தது.

தேதியைக் கவனியுங்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. 1951 ஏப்ரலில் நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். ஆகவே கோட்டயத்துக்கு என்று வந்ததோ அன்றே நமக்கும் வந்துவிட்டது. 'நம்ம ஜில்லா பழைய திருவிதாங்கூர்' என்று அண்ணன் சொல்கிறாரே, அந்தக் காரணத்தினால்தான் இந்தத் தீர்ப்பு நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறது!

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். மேரி ராய் போட்ட மனுவில் அரசியலமைப்பின் 14, 15 பிரிவுகளெல்லாம் இருந்தன, ஆணுக்கொரு நியாயம் பெண்ணுக்கொரு நியாயமா என்ற பெரிய கேள்வி இருந்தது. கோர்ட் அதைத் தொடவே இல்லை. சட்டமே 1951ல் நீங்கிவிட்டது, இல்லாத சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமா என்று பார்ப்பானேன் என்று விட்டுவிட்டது. இன்றைக்கும் சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள், அன்றே சமத்துவம் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று. எனக்கு அந்தக் குறை அரைவாசிதான் உண்டு. 14ஆம் பிரிவை வைத்து ரத்து செய்திருந்தால், எந்தத் தேதியிலிருந்து ரத்து, அதற்கு முன் இறந்தவர்கள் சொத்து என்ன என்று இன்னொரு இருபது வருஷம் இழுத்திருக்கும். 1951லேயே போய்விட்டது என்றதால், 1960ல் இறந்த தகப்பனின் மகளுக்கும் அது பேசியது. இதே வாரிசுரிமைச் சட்டத்தில் அரசியலமைப்புக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் வெட்டி எறிந்த பிரிவும் உண்டு. தர்மத்துக்கும் சபைக்கும் உயில் எழுதக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்திருந்த 118ஆம் பிரிவு, 2003ல் ஜான் வல்லமட்டம் வழக்கில் 14ஆம் பிரிவைக் காட்டியே போயிற்று. உங்களுக்கு அது தேவைப்படாது, சும்மா சொன்னேன்.

இப்போது உங்கள் 90 சென்டுக்கு வருவோம். உயில் இல்லாமல் அப்பா இறந்தால், 33ஆம் பிரிவுப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகளுக்குள் ஆண், பெண், மூத்தது, இளையது என்ற பேதம் கிடையாது. 2009ல் அப்பா கண்ணை மூடிய அன்றே அம்மாவுக்கு 30 சென்ட், உங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு 20 சென்ட். அம்மாவும் எதுவும் எழுதாமல் போயிருந்தால் அவருடைய 30 சென்ட் மூன்றாகப் பிரியும், ஆளுக்கு 10. ஆக உங்கள் பங்கு 30 சென்ட். இது அண்ணன் தருவது இல்லை, ஏற்கெனவே உங்களுடையது.

சீதனம்? அதே சட்டத்தின் 49ஆம் பிரிவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வழக்குக்கு இதைவிட உதவுகிற வரி வேறில்லை. தகப்பன் உயிரோடு இருந்தபோது ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணமோ சொத்தோ, பிற்பாடு அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கப்படாது என்கிறது அது. 40 பவுன் 40 பவுன்தான், வஸ்து வஸ்துதான். இது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: சின்ன அண்ணனை வளைகுடாவுக்கு அனுப்ப அப்பா செலவு செய்திருந்தால் அதையும் நீங்கள் கழிக்கச் சொல்ல முடியாது. அப்புறம் இன்னொன்று. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதலே குற்றம். 'இவளுக்கு ஒரு லட்சம் வரதட்சணை கொடுத்தோம்' என்று கோர்ட்டில் எழுத்து மூலம் கொடுக்க எந்த வக்கீலும் இரண்டு தடவை யோசிப்பார்.

1994ல் போட்ட கையெழுத்தைப் பற்றி நீங்கள் ரொம்பப் பயந்திருப்பது தெரிகிறது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்தார், சொத்து அவருடையது, உங்களிடம் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை. நாளைக்குக் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்யாத காகிதம் வேறு, அசையாச் சொத்து உரிமையை விட்டுத்தர அது போதாது. ஆனாலும் 'பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் இப்போது பேச்சு மாறக் கூடாது' என்ற வாதத்தை எதிர்த் தரப்பு வைக்கத்தான் செய்யும், சில வழக்குகளில் அது எடுபட்டும் இருக்கிறது. அதனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது, பணம் யார் கைக்குப் போனது, உங்களிடமா இல்லை மாப்பிள்ளை வீட்டாரிடமா என்று ஞாபகம் இருப்பதையெல்லாம் இப்போதே எழுதி வையுங்கள். என் பார்வையில் அது பலவீனமான காகிதம்.

பலமான காகிதம் அடுத்த மாதம் போடச் சொல்கிறார்களே, அதுதான். இப்போது சொத்தில் உங்களுக்கு நிஜமாகவே பங்கு இருக்கிறது, பதிவாளர் முன்னால் நீங்களே போய் விரல் ரேகை வைத்து எழுதிக் கொடுத்தால் அது ஒழிமுறி, விடுதலைப் பத்திரம். அதைப் பின்னால் உடைக்க மோசடி, ஏமாற்று என்று நிரூபிக்க வேண்டும், லேசில் நடக்காது. சில வருஷம் முன்பு ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவில் வேறொரு வேலையாக நின்றிருந்தேன். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, பையில் கண்ணாடி இருந்தும் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற மைனி பேனாவைக் கையில் திணித்து, 'இங்க, இங்க, அப்புறம் இங்க' என்று காட்டிக்கொண்டிருந்தார். சும்மா எட்டிப் பார்த்தேன். 'சீதன வகையில் எனக்குச் சேர வேண்டியதெல்லாம் பூர்ணமாகக் கிட்டியிருப்பதாலும், மேற்படி வஸ்துவில் எனக்கு யாதொரு அவகாசமும் இல்லாததாலும்' என்று இருந்தது. பிரதிபலன், அதாவது பதிலுக்குப் பெற்றது என்ன என்ற இடத்தில் அன்பும் பாசமும். 'என்னம்மா எழுதிக் குடுக்கீங்க?' என்று கேட்டேன். 'லோனுக்குப் புள்ளே, தம்பிக்கு பேங்குல லோன் கேட்டிருக்கான்' என்றார். என் கட்சிக்காரர் இல்லை, அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சொல்லியிருக்கலாம்தான், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பன்னிரண்டு வருஷக் கணக்கு அடுத்தது. வேற்று ஆள் ஒருவர் உங்கள் நிலத்தில் பன்னிரண்டு வருஷம் பகிரங்கமாக, உங்கள் உரிமையை மறுத்துக்கொண்டு இருந்தால் அந்தப் பேச்சு சரி. கூட்டு உரிமையாளர் இருந்தால் அது மற்றவர்களுக்கும் சேர்த்து இருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், சுப்ரீம் கோர்ட் 1957லிருந்து இதைச் சொல்லி வருகிறது. 'உனக்கு இங்கே உரிமை இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லி, உங்களுக்குத் தெரியும்படி வெளியே தள்ளிய நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். ஆகவே அந்த வார்த்தையை அவர் முதன்முதலில் எப்போது சொன்னார் என்பது முக்கியம். அதற்கு முன் விசேஷத்துக்குப் போய்த் தங்கியது, அம்மா இருந்தவரை தேங்காயும் பலாச்சக்கையும் கொடுத்தனுப்பியது, எல்லாம் சாட்சிதான். பதினாறு வருஷமாயிற்று என்று பதற வேண்டாம், ஆனால் இனிமேல் தள்ளிப்போடவும் வேண்டாம். பட்டா மாற்றியதும் பெரிய விஷயமில்லை, அது வருவாய்த்துறை வரிக்காக வைத்திருக்கும் கணக்கு, உரிமையை உண்டாக்கும் காகிதம் இல்லை. வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தும் மாற்றினார்களா, இல்லை பெயரையே விட்டுவிட்டார்களா என்பதை மட்டும் தாலுகா ஆபீசில் நகல் வாங்கிப் பாருங்கள்.

இனி கசப்பான மருந்து. வினீதா சர்மா தீர்ப்பைப் படித்துவிட்டு 'பூர்வீகச் சொத்து, பிறப்புரிமை' என்று பேசாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. தாத்தா வழி வந்ததோ சொந்தமாக வாங்கியதோ, அப்பா உயிரோடு இருக்கும்வரை அவருடையது. அவர் முழுவதையும் ஒரு மகனுக்கு உயில் எழுதலாம், இஷ்டதானமாக எழுதிக் கொடுக்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆகவே உயில் இல்லை என்று நீங்கள் சொல்வது நிச்சயம்தானா என்று பாருங்கள். அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள், 2009க்கு முன்னால் அப்பா யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று அதில் தெரியும். மூலப் பிரமாணம் (தாய்ப் பத்திரம்) மலையாளத்தில் இருந்தால் மிரள வேண்டாம், விளவங்கோடு, கல்குளம் பக்கம் சாதாரணம். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும், 824 அல்லது 825 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும்.

அப்புறம் குடும்பத்தில் ஒருத்தர் சபைக்குப் போவார், இன்னொருத்தர் கோவிலுக்குப் போவார், அது நம்ம ஊரில் புதிதில்லை. இறந்தவர் இறக்கும்போது எந்த மதத்தில் இருந்தாரோ அந்தச் சட்டம்தான், வாரிசுகளின் மதத்தை வைத்து இல்லை. உங்கள் அப்பா சபைக் கல்லறையில்தான் அடக்கம் செய்யப்பட்டிருப்பார், அந்தப் பதிவேட்டில் ஒரு நகல் வாங்கி வைப்பது நல்லது.

வழக்கு என்றால் பாகப்பிரிவினை வழக்கு, சொத்து மதிப்பைப் பொறுத்து குழித்துறையில் எந்தக் கோர்ட் என்று முடிவாகும். முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தீர்ப்பு, பிறகு கமிஷனர் வந்து அளந்து பிரித்து இறுதித் தீர்ப்பு. வருஷங்கள் ஆகும், பொய் சொல்ல மாட்டேன். வழக்குப் போட்ட பிறகு அண்ணன் யாருக்காவது விற்றாலும் வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான், அதனால் விவரம் தெரிந்த யாரும் வாங்க மாட்டார்கள். ரப்பர் பால் வெட்டிய காசுக்குக் கணக்குக் கேட்கலாம், ஆனால் பதினாறு வருஷத்துக்கும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், பழைய பாக்கி பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கு மேல் போகாது.

அதற்கு முன்னால் ஒரு வக்கீல் நோட்டீஸ், கூடவே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. இரண்டு அண்ணன்மாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். சின்ன அண்ணன் என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. பெரியவர் பெயரில் பட்டா போனதில் அவருக்கும் 30 சென்ட் போகிறது, அவரிடம் முதலில் பேசுங்கள். ஊர்ப் பெரியவர்கள், சபை போதகர் வழியாகப் பேசுவதானாலும் சரி, முடிவை மட்டும் பதிவு செய்த பாகப் பத்திரமாக வாங்குங்கள், வெள்ளைத்தாளில் வேண்டாம். முழு 30 சென்டும் பிடிவாதமாக வேண்டாம், ரோட்டோரம் 15 சென்ட் போதும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் உங்கள் இஷ்டம், அதைத் தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, இதற்குப் பதில் எழுதுங்கள். அம்மா கடைசிப் பத்து வருஷம் பெரிய அண்ணன் வீட்டில்தானே இருந்தார்? அவர் ஏதாவது உயில் எழுதியதாகப் பேச்சு உண்டா? அண்ணன் இன்னும் அதைச் சொல்லவில்லை, ஆனால் நோட்டீஸ் போனதும் இப்படி ஒரு காகிதம் அலமாரியிலிருந்து இறங்கி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்தால் இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்கிறதா, அவர்கள் யார் என்று பாருங்கள். அந்த உயில் செல்லுபடியானாலும் அம்மா எழுதக்கூடியது அவருடைய 30 சென்டை மட்டும்தான், அப்பா வழி வந்த உங்கள் 20 சென்டை அது தொடாது.

அதுவரை எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம். லோனுக்கு என்று சொன்னாலும்.